ஒன்பது மாடுகளும் முதல் பாரமும்

"…மாட்டைப் பாக்கறப்ப மாட்டுக்காரன் மூஞ்சியப் பாக்காத சாமி" என்று என் பெரியப்பா சந்தையில் யாரிடமோ சொல்லக் கேட்டிருக்கிறேன். அதற்கு முன்பாதி ஒன்று உண்டு, அது மறந்துவிட்டது. இந்தப் பின்பாதியை மட்டும் நம்பி ஒரு பத்திரிகை நடத்தப் புறப்பட்டவன் நான். மாட்டு வைத்தியனை மாடு முட்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். மாட்டு வைத்தியப் பத்திரிகை ஆசிரியனை மாட்டு வைத்தியர்கள் முட்டுவார்கள் என்பதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

ரங்கூனில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் பாதி ஆயுளை மைக்ராஸ்கோப்பின் மேல் குனிந்தே கழித்துவிட்டு, ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயதில் சேலத்துக்குத் திரும்பினேன். ஜில்லா மாட்டு வைத்தியர் சங்கத்தார் அப்போதுதான் மூன்று மாதத்துக்கு ஒரு பத்திரிகை என்று தொடங்கியிருந்தார்கள். கட்டுரை தமிழில், அடியில் சுருக்கம் இங்கிலீஷில். இரண்டு பாஷையும் பள்ளிக்கூடத்திலேயே படித்தவன், வேறு ஜோலியும் இல்லாதவன் என்று பார்த்து ஆசிரியர் வேலையை என் தலையில் கட்டினார்கள்.

சீமைப் பத்திரிகைகளில் ஒரு வழக்கம் உண்டு. எங்கள் கூடத்துப் பெரிய துரைக்கு அபிப்பிராயம் கேட்டுக் கட்டுரைகள் வரும்; கூட இருந்து பார்த்திருக்கிறேன். ஒரு கட்டுரை வந்தால் ஆசிரியர் தாமே முடிவு கட்டுவதில்லை. அதே தொழிலில் உள்ள இரண்டு பேருக்கு அனுப்புவார். அவர்கள் படித்து, எது நிற்கும், எது நிற்காது என்று காரணத்தோடு எழுதுவார்கள். யார் எழுதியது என்று படிக்கிறவர்களுக்குத் தெரியக் கூடாது. யார் படித்தது என்று எழுதியவருக்கும் தெரியக் கூடாது. இரண்டு பேரும் சரி என்றால் அச்சு. இரண்டு பேரும் வேண்டாம் என்றால் காரணத்தோடு திரும்பிப் போகும். ஆளுக்கொன்றாகச் சொன்னால் மூன்றாவது ஆள். இதற்குப் பரிசீலனை என்று பெயர் வைத்து, நம் பத்திரிகைக்கும் இதுவே விதி என்றேன்.

இது எதற்கு இந்த ஊரில் என்று கேட்டவர்கள் உண்டு. இந்த ஊரில்தான் ரொம்பத் தேவை என்பது என் எண்ணம். சீமையில் ஒரு கட்டுரை அச்சானால் அலமாரிக்குப் போகும். இங்கே மணியக்காரர் வீட்டு வாசலில் ஒருவர் உரக்க வாசிக்க, பத்துப் பேர் கேட்டுக்கொண்டு போவார்கள். இன்றைக்கு அச்சானது நாளைக்கு மாட்டின் வாய்க்குள் போய்விடும்.

துண்டுக்குள் கை

சங்கக் கூட்டத்தில் விதியை வாசித்தேன். எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். தலைவரை நாங்கள் பெரிய இன்ஸ்பெக்டர் என்றுதான் சொல்வோம். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று நாமக்கல் பக்கம் தோட்டத்தோடு இருந்தார். ஜில்லாவில் பாதிப் பேர் அவரிடம் வேலை பழகினவர்கள். மீதிப் பேர் அவர் சிபாரிசில் வேலைக்கு வந்தவர்கள். எழுதினவன் பேர் தெரியாமல் எழுத்தில் சரி தப்பு எப்படிச் சொல்வது என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். அதற்குப் பள்ளிபாளையம் டாக்டர் நாச்சிமுத்து எழுந்தார். காவிரிக் கரையில் நிலபுலத்தோடு இருக்கிற குடும்பம். எதையும் சந்தைக் கணக்கில்தான் புரிந்துகொள்வார்.

"இதுல என்னங்க இருக்குது? சந்தையில துண்டப் போட்டு மூடிக்கிட்டு, உள்ளுக்குள்ள வெரலப் புடிச்சு வெல பேசறமில்லீங்களா? அதேதான்."

சபை தெளிந்தது. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. சந்தையில் துண்டுக்குள் கை கோத்த இரண்டு பேருக்கும் யார் கை என்று தெரியும், சுற்றி நிற்கிற கூட்டத்துக்குத்தான் ஒன்றும் தெரியாது; இங்கே கை கோத்தவர்களுக்கே தெரியக் கூடாது என்று விளக்கினேன். தெளிந்த சபை மறுபடி குழம்பியது. பெரிய இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டு, விதியை ஒப்புக்கொள்வதாகத் தீர்மானம் போடச் சொன்னார். கூடவே யாரோ எழுந்து, ஆண்டு நிறைவு இதழின் முதல் பாரம் தலைவர் கட்டுரைக்கே என்று இன்னொரு தீர்மானமும் போட்டார்கள். பாரம் என்றால் ஒரே தாளில் அடித்து மடிக்கிற எட்டுப் பக்கம். அந்தக் கட்டுரைக்கும் பரிசீலனை உண்டா என்று நான் கேட்டதும் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். தலைவர்தான் சொன்னார்:

"எனக்கும் அதேதானுங்க, துண்டு அல்லாருக்கும் ஒண்ணுதான். என்ற வெரல மட்டும் பாத்து அமுக்குங்க ஆசிரியரே."

பெயரை மறைத்தேன்

முதலில் வந்த கட்டுரை கோமாரி கண்ட மாடுகளின் குளம்புப் புண்ணைப் பற்றியது. நானே உட்கார்ந்து இரண்டு பிரதி எழுதினேன். கையெழுத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்களே! பெயர் இல்லை, ஊர் இல்லை, தேதிகூட இல்லை. ஒன்றை நாச்சிமுத்துவுக்கு அனுப்பினேன். அடுத்த வாரம் அவரே சேலத்துக்கு வந்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"நம்ம திருச்செங்கோட்டு மாப்பளை நல்லா எழுதறானுங்களே! எனக்குத் தெரியவே தெரியாதுங்க, எழுதுவான்னு."

எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். கட்டுரையில் ஒவ்வொரு மாட்டையும் எழுதியவர் அங்க அடையாளத்தோடு வர்ணித்திருந்தார். எங்கள் பக்கத்து வைத்தியர்கள் மாட்டுக்கு எண் போட மாட்டார்கள். ஒரு மாட்டை 'மாடு' என்று மட்டும் எழுதுவது அதற்கு மரியாதைக் குறைவு என்று நினைப்பவர்கள். மூன்றாவதாக வந்த சாம்பல் நிற மயிலை எருதுக்கு இடது கொம்பு குட்டை, வலது காது கிழிசல், திமிலுக்குப் பின்னால் சூட்டுத் தழும்பு. அந்த எருது நாச்சிமுத்துவின் மாமனார் தோட்டத்து எருது. அதற்கு வைத்தியம் பார்த்தவர் யார் என்று அந்தச் சுற்றுவட்டாரத்துக்கே தெரியும். அன்றிலிருந்து கட்டுரை வந்தால் மயிலையைச் செவலையாக்கி, கொம்பை நிமிர்த்தி, காதைத் தைத்து அனுப்ப ஆரம்பித்தேன். ஆனாலும் நாச்சிமுத்து அன்றைக்குப் படி இறங்கும்போது சொன்னது இன்னும் காதில் நிற்கிறது:

"பேர மறைச்சுப் போட்டீங்க, செரி. கொம்ப மறைக்கோணும்னு தோணலீங்களா?"

பதில் நடந்து வந்தது

இன்னொரு கட்டுரை ராசிபுரம் பக்கமிருந்து. எழுதியவர் வயதானவர், அப்போது புதிதாக வந்த இங்கிலீஷ் மருந்துகளை வேண்டாவெறுப்பாகத் தொட்டுப் பார்த்து, பிறகு அதில் மோகம் கொண்டவர். முன்னங்கால் முடங்கிய ஒரு காரி எருது தம் வைத்தியத்தில் ஏர் பூட்டும் அளவுக்குத் தேறியது என்று எழுதியிருந்தார். படித்த இரண்டு பேரில் ஒருவர் ஒரு கேள்வி கேட்டிருந்தார்: தேறியது என்பதற்கு அத்தாட்சி என்ன, எத்தனை நாள் கழித்து மறுபடி பார்த்தீர்கள்? நான் அந்தக் கேள்வியை என் கையால் நகல் எடுத்து அவருக்கு அனுப்பினேன். பதில் எழுதி அனுப்புவார் என்று எதிர்பார்த்தேன்.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம் வாசலில் சலங்கைச் சத்தம். போய்ப் பார்த்தால் ராசிபுரத்தார் கையில் மூக்கணாங்கயிற்றோடு நிற்கிறார். பின்னால் கறுகறுவென்று ஓர் எருது, அத்தனை தூரம் நடந்து வந்த புழுதியோடு. என் மனைவி உள்ளேயிருந்து வந்து பார்த்துவிட்டு, தவிட்டுத் தொட்டியை எருதின் முன்னால் நகர்த்தினாள். கேள்வி கேட்டவர் நான் இல்லை, அவர் யாரென்று சொல்லவும் எனக்கு உரிமை இல்லை என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். ராசிபுரத்தார் கேட்பதாக இல்லை. எருதைத் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடத்திக் காட்டினார். முடமே இல்லை. பிறகு கயிற்றை என் கையில் கொடுத்தார்.

"எழுத்துல சொன்னா நம்பாதவரு இருக்கறாரில்லீங்க, அவருகிட்டக் கூட்டிட்டுப் போங்க. காரியே பதில் சொல்லிப்போடும்."

ஒன்பது மாடு

ஆண்டு நிறைவு இதழுக்குப் பெரிய இன்ஸ்பெக்டரின் கட்டுரை வந்து சேர்ந்தது. படித்துக்கொண்டே போனவன் பாதியில் எழுந்து நின்றுவிட்டேன்.

அடைப்பான் நோய் கண்ட ஒன்பது மாடுகளுக்கு அவர் தாமே கூட்டிய ஒரு கஷாயத்தை மூங்கில் குழாயால் புகட்டியிருக்கிறார். ஒன்பதும் பிழைத்தன. அடைப்பான் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். காலையில் சோளத்தட்டு மேய்ந்துகொண்டிருந்த மாடு பொழுது சாய்வதற்குள் வயிறு ஊதி விழும். செத்த மாட்டைத் தோலுரித்தவர் கையில் முதலில் ஒரு சின்னக் கொப்புளம் வரும். அது கறுத்துப் புண்ணாகும். பிறகு மாட்டின் பின்னாலேயே மனிதரும் போவார். ரங்கூனில் அந்தக் கறுப்புப் புண்ணை நான் பார்த்திருக்கிறேன். பார்த்தவனுக்கு மறக்காது. அதனால்தான் அடைப்பானில் விழுந்த மாட்டை அறுக்காமல், உரிக்காமல், ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும் என்று தொண்டை வற்றக் கத்திக்கொண்டிருக்கிறோம். கட்டுரையின் கடைசிப் பாராவில் பெரிய இன்ஸ்பெக்டர் எழுதியிருந்தார்: 'நிற்க. இம்மருந்தை உட்கொண்ட மாடு ஒருவேளை இறக்க நேரிட்டாலும் அதன் தோலை உரிப்பதில் அச்சமில்லை.'

மணியக்காரர் வாசலில் இந்த வரி உரக்க வாசிக்கப்படுவதை நினைத்துப் பார்த்தேன். இருந்தாலும் என் பயம் என் பயம், விதி விதி. தலைவர் கட்டுரையை நானே கிழித்துப் போட்டால் மற்றவர் கட்டுரைக்கு மட்டும் எதற்குப் பரிசீலனை? கொம்பையெல்லாம் மாற்றி, இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை நாச்சிமுத்துவுக்கும் மற்றதை ஆத்தூர் டாக்டர் கோதண்டத்துக்கும் அனுப்பினேன். கோதண்டம் வெளி ஜில்லாவிலிருந்து மாற்றலாகி வந்தவர். அரிசி மில் சத்தத்துக்கு நடுவில் ஒண்டியாகக் குடியிருந்தார். அவருக்கு இங்கே மாமன் மச்சான் யாரும் கிடையாது. நாச்சிமுத்துவிடமிருந்து ஒரே வரி வந்தது: 'மிக நன்று, அச்சிடலாம்.' கோதண்டத்திடமிருந்து நாலு பக்கம் வந்தது. ஒரு மாட்டுக்குக்கூட ரத்தம் எடுத்துக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்க்கவில்லை. வெறும் வயிற்று உப்புசத்திலும் மாடு இப்படித்தான் ஊதி விழும். கஷாயம் கொடுத்தால் எழுந்துகொள்ளும். நோய் இன்னதென்று நிச்சயமில்லாதபோது குணமானது எந்த நோய் என்று கேட்டிருந்தார். பிறகு ஒரு நாள் சேலம் கடைவீதியில் எதிர்ப்பட்டபோது நான் வாயைத் திறப்பதற்குள் கையைக் காட்டித் தடுத்தார்.

"யார் எழுதினதுன்னு சொல்லிடாதீங்க சார், தெரிஞ்சா எனக்குக் கை நடுங்கும். ரத்தம் எங்கேன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

மூன்றாவது ஆள்

ஆளுக்கொன்றாகச் சொன்னால் மூன்றாவது ஆள் என்பது விதி. எழுதும்போது சுலபமாக இருந்தது. மூன்றாவது ஆளைத் தேடிப் போனபோதுதான் தெரிந்தது, இந்த ஜில்லாவில் மூன்றாவது ஆளே கிடையாது என்று. பனமரத்துப்பட்டியில் இருந்தவருக்கு ஏரிக்காற்று பட்டுக் கண்வலியாம், படிக்கக் கூடாதாம். இன்னொருவர் தம் வீட்டுக்கு விருந்தாளியாக ஒரம்பரை வந்திருக்கிறது, போனதும் பார்க்கிறேன் என்றார். அந்த ஒரம்பரை போகவே இல்லை. ராசிபுரத்தாரிடம் கொடுத்தால் மாட்டோடு வந்துவிடுவார். கட்டுரை யாருடையது என்று நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கடைசியில் நாச்சிமுத்துவே வந்தார். ஆத்தூரிலிருந்து எதிராக அபிப்பிராயம் வந்திருக்கிறது என்று காற்றில் சேதி போயிருக்க வேண்டும். உட்கார்ந்தார், தண்ணீர் குடித்தார், நெசவுக்காரர் வீட்டுக் கன்றுக்குட்டியைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார். பிறகு, "எனக்குத் தெரியாதுங்களா யாருதுன்னு? கொம்பையெல்லாம் நீங்க நிமித்திப் போட்டீங்க. ஆனா ஒவ்வொரு பாராவுக்கும் 'நிற்க'ன்னு நிறுத்தி எழுதறவரு நம்ம சில்லாவுல ஒருத்தருதான். அவரு இல்லீன்னா நான் இன்னைக்கு டாக்டரே இல்லீங்க. அவருகிட்டப் போயி ரத்தம் எங்கீங்கன்னு கேக்கச் சொல்றீங்களா?" என்றார்.

பிரதியை எடுத்து அந்தக் கடைசிப் பாராவை மட்டும் வாசித்தேன். அவர் தோட்டத்து மாடுகளைப் பார்த்துக்கொள்கிற மாரனை எனக்கும் தெரியும். நாச்சிமுத்துவின் கல்யாணத்துக்கு வண்டி பூட்டியவர், மாடு செத்தால் உரிப்பதும் அவர்தான். "உங்க தோட்டத்துல அடைப்பான்ல ஒண்ணு விழுந்து, இந்தக் கஷாயத்தையும் குடுத்து, அப்புறமும் செத்துப்போச்சுன்னு வெச்சுக்கங்க. மாரனைக் கூப்பிட்டு உரிக்கச் சொல்லுவீங்களா?" என்று கேட்டேன். நாச்சிமுத்து துண்டால் முகத்தைத் துடைத்தார். திரும்பத் துடைத்தார். பிறகு தாம் எழுதிய அந்த ஒரு வரியைத் திருப்பிக் கேட்டு வாங்கி, என் மேஜையிலேயே உட்கார்ந்து வேறு எழுத ஆரம்பித்தார். முதல் வரியை எழுதிவிட்டுத் தலை நிமிராமலே சொன்னார்:

"கிட்டத்துலயே ஆரையும் உடமாட்டேனுங்க. மாரன வேண்டாமுன்னு மொதல்ல நாந்தான் கத்துவேன்."

உடம்பு தயார்

மூன்றாவது ஆளைத் தேடி நான் அலைந்துகொண்டிருந்த காலத்தில் அச்சுக்கூடத்தார் சும்மா இருக்கவில்லை. தலைவர் கட்டுரைக்கு முதல் எட்டுப் பக்கத்தை ஒதுக்கிவிட்டு, ஒன்பதாம் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் அடித்து முடித்து, மடித்து, மூலையில் அடுக்கியிருந்தார்கள். போர்மன் தங்கவேலு பொறுமைசாலி. ஆனால் மூன்று மாதப் பத்திரிகை நான்காவது மாதத்துக்குள் கால் வைத்திருந்தது. முதல் பாரத்துக்கென்று எடுத்துவைத்த அச்செழுத்துகளை வேறு வேலைக்கு எடுக்க வேண்டும், கல்யாணப் பத்திரிகைகள் காத்துக்கொண்டிருக்கின்றன என்று சொன்னார். வேறு ஏதாவது கட்டுரை போட்டு நிரப்பலாமே என்றும் யோசனை சொன்னார். என்னிடம் பரிசீலனை முடிந்த கட்டுரை வேறு ஒன்று இருந்தது: ராசிபுரத்தாரின் காரி எருது, எல்லாக் கேள்விக்கும் பதிலோடு. போட்டுவிடலாமா என்று எனக்கும் ஆசைதான். அதற்கு முன் நாமக்கல்லுக்கு ஒரு நடை போய்வர வேண்டியிருந்தது. புறப்பட்டபோது தங்கவேலு அடுக்கின் மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னார்:

"ஒடம்பு மொத்தமும் தயாரா நிக்குதுங்க. தலை எப்ப வருமுன்னு சொல்லிப்போட்டுப் போங்க."

துண்டுக்குள் ஒரு பேரம்

இப்போது வேண்டாம் என்று ஒன்றாகிவிட்ட இரண்டு அபிப்பிராயங்களையும் என் கையெழுத்தில் நகல் எடுத்துத் தபாலில் அனுப்பினால் போதும் என்பது விதி. ஆனால் தலைவருக்கு வேண்டாம் என்று சொல்வதைத் தபால்காரர் கையில் கொடுத்தனுப்ப எனக்குக் கூச்சமாக இருந்தது. நானே எடுத்துக்கொண்டு போனேன்.

பெரிய இன்ஸ்பெக்டர் கட்டுத்தரையில் ஒரு கிடாரியின் காதைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "வாங்க, வாங்க, ரங்கூன்காரரே" என்று கயிற்றுக் கட்டிலில் உட்காரச் சொன்னார். தாள்களை வாங்கி நின்றபடியே படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார். "ரத்தமா? தொட்டே நோவு சொல்லிப் பழகுன கையிங்க இது" என்று கையை விரித்துக் காட்டினார். பொய் இல்லை. அந்தக் கையை நம்பித்தான் இந்த ஜில்லாவில் மாடு வளர்ந்தது. அதை நானும் சொன்னேன். உப்புசத்துக்கு அது நல்ல மருந்தாகவே இருக்கலாம், அப்படி மாற்றி எழுதினால் மறுபடி அனுப்பிப் பார்க்கலாம் என்றும் சொன்னேன்.

"உப்புசத்துக்குக் கஷாயம் சொல்ல ஒரு தலைவரு வேணுமுங்களா? ஊட்டுக்கு ஊடு பொம்பளைங்க சொல்லுவாங்க."

கிடாரியின் கயிற்றை முளையில் கட்டினார். பிறகு என் பக்கத்தில் கட்டிலில் வந்து உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து என் வலக்கை மேல் போட்டு, உள்ளே தம் கையை நுழைத்து என் விரல்களைப் பிடித்தார். எனக்கு முதலில் புரியவில்லை. ஐந்து விரலையும் சேர்த்து ஒரு தடவை அழுத்தி, கட்டை விரலைத் தனியாக ஒரு தடவை அழுத்தினார். ஆறு. கட்டுரையில் உள்ள ஒன்பது மாட்டில் மூன்றை விட்டுக்கொடுக்கிறார்! தோட்டத்து ஆட்கள் இரண்டு பேர் எந்த மாட்டுக்கு விலை பேசுகிறோம் என்று எட்டிப் பார்த்தார்கள். நான் அசையவில்லை. நாலு விரலை அழுத்தினார். இரண்டு விரல். கிடாரி அசை போட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் என் ஆள்காட்டி விரலை மட்டும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவே இல்லை. அந்தப் பிடியில் வம்பு இல்லை. ஒன்றாவது இருக்கட்டும் என்று ஒரு மனிதர் கேட்கிற பிடி. அவருடைய ஒன்பது மாடும் பிழைத்தது நிஜம். அவர் கண்ணால் பார்த்தது. பிடி கொஞ்சம் தளர்ந்தபோது விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக் கையை மூடிக்கொண்டேன். விலை படியவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம் என்று சந்தைக்குப் போனவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

"ஒண்ணு கூடவா இல்லீங்க?" என்றார்.

"ரத்தம் பார்த்தது ஒண்ணு இருந்தாலும் போட்டுடறேனுங்க" என்றேன்.

துண்டை எடுத்தார். உதறினார். தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். கோபமாகக் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை, காப்பி கொண்டுவரச் சொன்னார். நான் அதைக் குடித்து முடிக்கும் வரைக்கும் காத்திருந்துவிட்டுத்தான் சொன்னார்:

"கைய மூடிட்டீங்க, செரி, போடாதீங்க. ஆனா அந்த மொதப் பாரம் சங்கம் எனக்குன்னு தீர்மானம் போட்டுக் குடுத்த எடமுங்க. அதுல வேற ஒருத்தனக் கொண்டாந்து உக்கார வெச்சீங்கன்னா, அன்னைக்கே நீங்க ரங்கூனுக்கு டிக்கெட்டு எடுத்துக்கலாம்."

மறுநாள் காலையில் அச்சுக்கூடத்துக்குப் போய், முதல் பாரத்தில் ஒன்று முதல் எட்டு வரை பக்க எண்களை மட்டும் அடித்து, மற்றபடி வெற்றுத் தாளாகவே சேர்த்துத் தைத்து இதழைத் தபாலில் போடச் சொன்னேன்.